கடலில் துளை போட்டால் மீனில் பாதரசம் ஏறுமா?

பரங்கிப்பேட்டை முதல் வேளாங்கண்ணி வரையிலான கடல் பகுதி 2018-ல் ஹைட்ரோகார்பன் எடுக்க ஏலம் விடப்பட்டது. கிணறு தோண்டினால் மீன் என்னாகும் என்பதே மீனவர்களின் கவலை.

கிணறு தோண்டும்போது துளைக்குள் சேறு போன்ற கலவையை இறக்குவார்கள். அது கனமாக இருக்க பேரைட் என்ற கல்மாவு சேர்ப்பார்கள். ஆந்திராவில் கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில் இந்தக் கல் ஏராளம். இதில் இயற்கையாகவே கொஞ்சம் பாதரசம் உண்டு. வெட்டிய கல்தூளோடு அதுவும் கடலடியில் படியும்.

பெரிய மீனில் அதிகம்

பெரும்பகுதி கரையாமல் சேற்றிலேயே கிடக்கும். ஆனால் பிராணவாயு இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். இது கொடிய விஷம். புழுவைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, கடைசியில் சுறா போன்ற பெருசுகளில் அதிகம் சேரும். நெத்திலி, மத்தியில் குறைவு. சமைத்தாலும் போகாது. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். ஜப்பானில் 1956-ல் தெரியவந்த மினமாட்டா நோய்க்கு, ஆலைக்கழிவில் வந்த இதே விஷம்தான் காரணம்.

கடலில் பயன்படுத்தும் பேரைட்டில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு விதி போட்டுள்ளது.

தோண்டும் முன்பு ஒருதரம், பிறகு ஒருதரம் கடலடி மண்ணைச் சோதித்தால்தான் பாதரசம் கூடியதா என்பது தெரியும். முன்பே எடுக்காவிட்டால் பிறகு ஒப்பிட வழியில்லை. இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது.