பீரோவில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா?

"அக்கா, ஒரு நிமிஷம் கதவைத் திறங்களேன்!"

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம். மாடி வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னமோ ஏதோ என்று பதறிப்போய் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

விஷயம் இதுதான். குழந்தை அவளுடைய செல்போனைத் தண்ணீர் பக்கெட்டில் போட்டுவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். போன் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருந்தது?

"அம்மா போன வருஷம் போயிட்டாங்க இல்லையா அக்கா? அதுக்கு முன்னாடி எனக்குப் பேசி அனுப்பினதெல்லாம் அதுலதான் இருந்தது. பூண்டுக் குழம்பு எப்படி வைக்கணும், பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டணும்னு ஒண்ணொண்ணாச் சொல்லியிருந்தாங்க. பேத்திக்காக ஒரு தாலாட்டுகூடப் பாடி அனுப்பியிருந்தாங்க. இனிமே அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?"

என்ன பதில் சொல்வது? காப்பி போட்டுக் கொடுத்து, சிறிது நேரம் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு என் பீரோவைத் திறந்து பார்த்தேன். புடவைகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. அதில் கல்யாண ஆல்பம், அம்மாவின் கையெழுத்தில் ஒரு சமையல் நோட்டு, 1983-ல் என் அப்பாவின் பேச்சைப் பதிவு செய்த ஒரு கேஸட். எல்லாம் பத்திரமாக இருந்தன. 'ஆனால் என் பேரனின் முதல் பிறந்த நாள் படங்கள்?' என்று கேட்டுக்கொண்டேன். அவை எல்லாம் போனில்தான்! ஒன்றைக்கூட நான் பிரிண்ட் போடவில்லை.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை!

இரவலும் சொந்தமும்

செல்போன் வந்ததில் எத்தனையோ சௌகரியம். நினைத்தபோது பாட்டு, நினைத்தபோது படம், நினைத்தபோது சமையல் குறிப்பு. பீரோவில் இடம் அடைப்பதில்லை. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அங்கே இருப்பதில் பெரும்பகுதி நமக்குச் சொந்தமில்லை, இரவல்தான்.

2009-ஆம் வருஷம் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அமேசான் கம்பெனியின் 'கிண்டில்' என்ற மின் வாசிப்புக் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரண்டு நாவல்களைப் பலர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், கம்பெனி வாசகர்களின் கருவிகளிலிருந்தே புத்தகங்களை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும், நாம் விலை கொடுத்து வாங்கிய பாத்திரத்தைக் கடைக்காரர் ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு, காசை மேடைமேல் வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

2019-ல் மைக்ரோசாப்ட் தன் மின் புத்தகக் கடையை மூடியது. பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டமே வந்திருக்கிறது: இப்படிப்பட்டவற்றை விற்கிற கடை, 'இது உங்களுக்குச் சொந்தமாகாது, உபயோகிக்க அனுமதி மட்டுமே' என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் சினிமாக்களும் இப்படித்தான். உரிமைக் காலம் முடிந்தால் படம் அங்கிருந்து போய்விடும். நம் பீரோவில் இருக்கிற சி.டி.யை யாரும் அப்படி வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

போட்டோக்கள் எங்கே இருக்கின்றன?

"எல்லாம் கூகிள்ல ஏறிடும் அத்தை, கவலைப்படாதீங்க" என்கிறாள் என் மருமகள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போன் தொலைந்தாலும் அங்கே ஏறிய படங்கள் தப்பிக்கும். ஆனால் அதற்கும் கணக்கு வழக்கு உண்டு. 2015-ல் கூகிள் போட்டோஸ் வந்தபோது அளவில்லாமல் இலவசமாகச் சேர்க்கலாம் என்றார்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து, புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜி.பி. இலவச இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த இடத்தில்தான் நம் மெயிலும் இருக்க வேண்டும். நிரம்பினால், ஒன்று காசு கட்ட வேண்டும் அல்லது பழசை அழிக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை, உள்ளே இருப்பவற்றோடு அழிக்கலாம் என்று 2023-ல் கூகிள் விதி வகுத்தது. வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டால் அவருடைய கணக்கைத் திறந்து பார்ப்பது யார்? ரகசியச் சொல் யாருக்குத் தெரியும்?

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளும் அப்படித்தான். நமக்கு வந்து சேர்ந்த பிறகு கம்பெனி அவற்றைத் தன்னிடம் பொதுவாக வைத்துக்கொள்வதில்லை. அவை நம் போனில்தான் இருக்கும். 'பேக்அப்' வசதியை நாமே போட்டு வைத்திருந்தால்தான் புதுப் போனில் திரும்ப வரும். மாடி வீட்டுப் பெண் அதைப் போட்டு வைக்கவில்லை.

காகிதம் மட்டும் நிரந்தரமா?

அப்படியானால் பழைய காலமே மேல் என்று சொல்ல வந்தேனா? இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் என் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. ஆல்பங்கள் ஒரே கூழ்! அவள் கல்யாணப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை, திருநெல்வேலியில் எங்கள் சித்தி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இரண்டும், சித்தியின் ஆல்பத்தில் இருந்த ஐந்தும்தான்.

பெரிய அளவில் பார்த்தால், 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். இன்று 'நூலகம்' என்ற அமைப்பு ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து இணையத்தில் எல்லோரும் படிக்க வைத்து வருகிறது. இங்கே காகிதத்தைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டர்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகங்களோடு பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிவதையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் தொடங்கியதுதான் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அவர் கையில் எடுத்து வைத்தார், பின்னால் வந்தவர்கள் பிரதி எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் அவை நிலைத்தன.

ஆகவே, கையிலும் இருக்க வேண்டும், ஒரே கையில் மட்டும் இருக்கக் கூடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. பொறுக்கி எடுங்கள். போனில் பத்தாயிரம் படம் இருக்கலாம், அத்தனையும் தேவையில்லை. வருஷத்துக்கு ஐம்பது படம் பொறுக்கி ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுங்கள். பின்புறம் பென்சிலால் லேசாகப் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

2. ஆல்பத்தில் கவனம். பசை தடவிய பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடும் பழைய மாதிரி ஆல்பம் வேண்டாம். நாளடைவில் படம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வராது. நான்கு மூலையைச் செருகும் ஆல்பம் நல்லது. பரணில் வெயில் சூடு, தரையில் ஈரம், குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம். பீரோவின் நடுத் தட்டுதான் சரியான இடம்.

3. நனைந்துவிட்டால் பதறாதீர்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாக விடும்போது மெதுவாகப் பிரியுங்கள். படம் மேலே பார்க்கும்படி நிழலில் காயவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

4. குரலைச் சேமியுங்கள். பெரியவர்கள் பேசி அனுப்பியதை அரட்டைக்குள்ளேயே விட்டுவிடாமல் தனியாக எடுத்து, பெயரும் தேதியும் போட்டுப் பென்டிரைவிலும் கம்ப்யூட்டரிலும் வையுங்கள். பென்டிரைவும் என்றைக்கும் இருக்காது, வருஷத்துக்கு ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

5. கேஸட்டுக்குக் காலம் குறைவு. வீட்டில் ஆடியோ கேஸட்டோ கல்யாண வீடியோ கேஸட்டோ இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரை வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6. வைத்தியக் காகிதங்கள். தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள், ராத்திரியில் டாக்டரிடம் ஓடும்போது உதவும். கர்ப்ப காலத்து ஸ்கேன் படம், பளபளப்பான இ.சி.ஜி. காகிதம் போன்றவை பெரும்பாலும் சூட்டில் அச்சாகிறவை, சில வருஷத்தில் மங்கிவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே முழுக்கக் கறுத்துப்போகும்!

7. சமையல் நோட்டு எழுதுங்கள். 1951-ல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இன்றும் கல்யாணப் பெண்களோடு புக்ககம் போகிறது. ஆனால் அம்மாவின் பிரதி என்றால் அதன் மதிப்பே வேறு. 'புளி குறைக்கவும்' என்று ஓரத்தில் அவர் எழுதியது எந்த வீடியோவிலும் கிடைக்காது. உங்கள் வீட்டுக் குறிப்புகளை, உங்கள் வீட்டு டம்ளர், கரண்டி அளவிலேயே எழுதி வையுங்கள்.

8. மூன்று, இரண்டு, ஒன்று. முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி, இரண்டு விதமாக, அதில் ஒன்று வேறு வீட்டில். உதாரணமாக, போட்டோ ஆல்பத்தில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டில் ஒன்று. வெள்ளம் வந்தாலும் போன் போனாலும் ஏதாவது ஒன்று மிஞ்சும்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்று மலைக்க வேண்டாம். போகிக்கு வீட்டை ஒழிக்கிறோம் அல்லவா? அன்றைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழசைத் தூக்கிப் போடுகிற கையோடு, போடக் கூடாததை எடுத்து வையுங்கள்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "உங்க அம்மா வேற யாருக்காவது அனுப்பியிருப்பாங்களா, கேட்டுப் பாரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நாலு நாள் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து அவள் பெரியம்மா போன் செய்தார்களாம். பூண்டுக் குழம்பு போனது போனதுதான். ஆனால் அந்தத் தாலாட்டை அக்காவுக்கும் பாடி அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. பெரியம்மா அதை அழிக்காமல் வைத்திருந்தார்.

அன்று ராத்திரி ஜன்னல் வழியே மாடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. சுருதி சேராத, இருமலோடு கூடிய ஒரு பாட்டியின் குரல். குழந்தை தூங்கிய பிறகும் பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் காலையில் பேரனின் படங்களை எடுத்துக்கொண்டு நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். நீங்களும் ஒரு நாள் போய்விட்டு வாருங்களேன்!