மணக்கும் முன்னே விலை

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியலில் வந்து சேரும் மதுரை மல்லி இன்னும் மணப்பதில்லை. மொட்டாகப் பறித்த பூ, மாலையில் இதழ் விரியும்போதுதான் லினலூல், பென்சைல் அசிடேட் முதலிய நறுமணச் சேர்மங்களை மிகுதியாக வெளிவிடும். ஆகவே வாங்குபவர் மணத்தை அறியாமலே விலை பேசுகிறார். மொட்டின் வெண்மை, பருமன், காம்பின் நீளம் ஆகியவற்றை அள்ளிப் பார்த்து, அந்தியில் எழப்போகும் மணத்தை உய்த்துணர்கிறார். விற்பவர் அறிந்த தரத்தை வாங்குபவர் அறியாவிடில் நற்சரக்கே சந்தையை விட்டு விலகக்கூடும் என்று 1970-இல் காட்டிய பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இச்சிக்கலை நெடுங்காலமாக எதிர்கொண்டது திராட்சை மது வணிகம். 1855-இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ நகரத் தரகர்கள் மதுப்பண்ணைகளை வரிசைப்படுத்தினர். பல்லாண்டு நிலைத்த விலையே அவர்களின் அளவுகோல். அவ்வரிசை இன்றும் பெரிதும் மாறவில்லை. பின்னாளில் அமெரிக்க மது விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு இவ்வளவென இட்ட மதிப்பெண் அவ்விலைகளையே அசைத்தது. ஆயினும் விலை நாவை மயக்கவும் வல்லது. 2008-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், ஒரே மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் கூறிக் கொடுத்தனர். பருகியோர் 90 டாலர் என்றதையே சுவைமிக்கது என்றனர். மூளையில் இன்பவுணர்வு சார்ந்த பகுதியும் அப்போது கூடுதலாகக் கிளர்ந்தது.

மல்லியின் விலையோ தரத்தைச் சொல்வது குறைவு. வரத்து பெருகும் கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். பனியில் விளைச்சல் குன்றி, பொங்கலும் முகூர்த்தமும் நெருங்கினால் ஆயிரங்களைத் தாண்டும். அவ்விலை பெரிதும் கூறுவது பற்றாக்குறையையே. மதுப்புட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வல்லுநர் சுவைத்துரைக்கவும் அவ்வுரை பரவவும் காலமுண்டு. மல்லிக்கு வாய்த்தது ஓரிரவு. நேற்றைய பூ ஈட்டிய நற்பெயரை இன்றைய பூவுக்குச் சேர்ப்பவை இரண்டு: நாள்தோறும் அதே முகங்களோடு பழகும் கமிஷன் கடைக்காரரின் சொல்லும், ஊரின் பெயரும்.

அவ்வூர்ப்பெயருக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் நீண்டு நிற்கும் மணமும் அதற்குச் சான்றாயின. ஆனால் கூடையில் கொட்டிய மொட்டில் குறியீட்டை ஒட்ட இயலாது. வேற்றிடத்துப் பூ இப்பெயரில் விற்கப்படுமானால், இழப்பு திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் விடியுமுன் மொட்டுப் பறிப்பவருக்கே. பறித்த ஊர், மொட்டின் அளவு, காம்பின் நீளம் ஆகியவற்றைப் பொறித்த தரச்சீட்டைக் கூடைதோறும் இணைக்கச் சந்தையும் வேளாண்துறையும் முன்வர வேண்டும்.