கரையினின்று ஓங்கிலைப் படம் பிடித்தற்குரிய லென்ஸ்

நாமக்கல்லில் வாழும் நமக்குக் கடல் என்பது ஒரு நெடும்பிரயாணத்தின் முடிவிற் காணக்கிடைக்கும் பொருள். ஆதலின், நம் மாணவர் சிலர் இவ்வாண்டு இராமேசுவரம் சென்று, தனுஷ்கோடிக் கரையில் நின்று, ஓங்கில்கள் நீரின்மேல் முதுகு காட்டி மறைவதைக் கண்டு மீண்டபோது அவர்கள் அடைந்திருந்த உவகை சொல்லி முடியாது. டால்பின் என்று இன்று யாவரும் வழங்கும் பிராணிக்கே ஓங்கில் என்பது பழம்பெயர். அவர்கள் கைப்பேசியிற் பிடித்து வந்த படங்களையும் பார்த்தோம். விரிந்த நீலப் பரப்பு. அதன் நடுவே கடுகளவில் ஒரு கறுப்புப் புள்ளி. "இதுதான் ஐயா, ஓங்கில்" என்றனர். அவர்கள் சொல்லை நம்பினோமேயன்றிப் படத்தை நம்பினோமில்லை. அவருள் ஒருவர், விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய காமிரா ஒன்று வாங்கியவர், "அடுத்த முறைக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்? கையிலுள்ள பணமோ கொஞ்சம்" என்று வினவினார். அவருக்கு வாய்மொழியாகக் கூறியதைச் சற்று விரித்து இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் அறியவேண்டுவது, கரையினின்று நோக்குங்கால் ஓங்கில் எவ்வளவு சிறிது என்பதே. நம் கரையோரங்களில் உலவும் ஓங்கில்கள் பெரும்பாலும் 2 முதல் 2.5 மீட்டர் நீளமுடையவை. எனினும் முழுவுடலும் வெளிப்படுவது துள்ளும்போது மாத்திரமே. மூச்சுவிட எழும்போது முதுகும் துடுப்புமாக ஏறக்குறைய ஒரு மீட்டரே புலப்படும். அதுவும் ஓரிரு விநாடிக்கே. 200 மீட்டர் தொலைவில் அஃது எழுந்ததெனக் கொள்வோம். லென்ஸின்மேல் மில்லிமீட்டரிற் பொறித்திருக்கும் எண் அதன் குவியத் தூரம். பொருளின் நீளத்தைத் தொலைவால் வகுத்துக் குவியத் தூரத்தாற் பெருக்கினால், காமிராவினுள் விழும் பிம்பத்தின் நீளம் வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது கால் மில்லிமீட்டர், 250இல் ஒன்றேகால், 600இல் மூன்று. மாணவர் வாங்கக்கூடிய காமிராக்கள் பலவற்றில் ஒளியை ஏற்கும் தகடு 22 அல்லது 23 மில்லிமீட்டர் அகலமும், அவ்வகலத்தில் 6000 பிக்சலும் உடையது. எனவே ஓங்கிலின் முதுகு 50 மில்லிமீட்டரில் 67 பிக்சலாகவும், 250இல் ஏறக்குறைய 335 ஆகவும், 600இல் 800 ஆகவும் பதியும். நல்ல அச்சிற்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. ஆகவே 250 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தை இம்மலரில் வெளியிடின், ஓங்கிலின் முதுகு ஓரங்குலத்துக்குச் சற்று மேற்பட நிற்கும். துடுப்பின் வடிவம் தெரிய அது போதும்.

கணக்கில் நம்பிக்கை குறைந்தவர்க்கு நம்மூரிலேயே ஒரு சோதனை உண்டு. முட்டைக்குப் பேர்போன ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. கோழிமுட்டை ஒன்று நீளவாட்டில் ஏறக்குறைய 5.5 சென்டிமீட்டர். அதனைச் சுவரின்மேல் படுக்கவைத்து 11 மீட்டர் பின்வாங்கி நின்று நோக்குக. 200 மீட்டருக்கு அப்பால் எழும் ஓங்கிலின் முதுகு எவ்வளவாகத் தோன்றுமோ அவ்வளவாகவே அம்முட்டை தோன்றும். 22 மீட்டர் பின்வாங்கின், ஓங்கில் 400 மீட்டர் சென்றுவிட்டது என்க. லென்ஸ் வாங்கப் போகுமிடத்துக்கு ஒரு முட்டையுடன் சென்றால் கடைக்காரர் நகைப்பார், நகைக்கட்டும். பெட்டியில் அச்சிட்ட புகழுரையைவிட அம்முட்டை உண்மையே பேசும்.

இனி விலைக்கு வருவோம். ஒரே 300 மில்லிமீட்டர் நீட்சியுடைய லென்ஸ்களுள் ஒன்று சில ஆயிரத்துக்கும், மற்றொன்று சில லட்சத்துக்கும் விற்பதேன் என்று பலர் மயங்குகின்றனர். விலை பெரிதும் நீட்சிக்கன்று, கண்ணாடியின் அகலத்துக்கே. எஃப் 2.8 என்றால் குவியத் தூரத்தை 2.8ஆல் வகுத்த அளவு ஒளிபுகு வாயில் வேண்டும். 300 மில்லிமீட்டருக்கு அது 107 மில்லிமீட்டர். எஃப் 5.6 எனின் 54 மில்லிமீட்டரே போதும். முன்னதன் பரப்பு பின்னதைப்போல் நான்கு மடங்கு. அத்துணைப் பெரிய கண்ணாடியைக் குற்றமறத் தீட்டும் செலவே நம் பையை வெறுமையாக்குகின்றது. அவ்வகலம் எதற்கு? மங்கிய ஒளியில், காட்டின் நிழலில், விளையாட்டரங்கின் இரவில் பயன்படுதற்கு. கடலிலோ ஒளிக்குக் குறைவேது? வெயில் நன்கு காயும்போது, ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 16க்கு விநாடியில் நூற்றிலொரு பங்கு ஒளிபாய்ச்ச வேண்டும் என்பது புகைப்படக்காரர் பழைய வாய்பாடு. எஃப் 5.6க்கு இறங்கினால் அஃது எண்ணூற்றிலொரு பங்காகும், ஐ.எஸ்.ஓ.வை 200 ஆக்கின் 1600இலொரு பங்காகும். ஓங்கிலின் அசைவைத் தடுத்துப் பிடிக்க ஆயிரத்திலொரு பங்கே போதுமாதலின், இலட்சம் கொடுத்து வாங்கும் ஒளியைச் சூரியன் நமக்கு இனாமாகத் தருகின்றான். கை நடுக்கத்தை ஆற்றும் பொறிக்கென மிகுதியாகப் பணம் கொடுத்தலும் இவ்விடத்தில் இன்றியமையாததன்று. அத்துணை விரைவில் நடுக்கம் தானே அடங்கும்.

ஆதலின் மாணவர்க்கு ஏற்றவை, கானன் காமிராவுக்கு 55–250 எஸ்.டி.எம். போன்றதும், நிக்கான் காமிராவுக்கு 70–300 ஏ.எஃப்.-பி. போன்றதுமாம். முன்னது 375 கிராம், பின்னது 415 கிராம். 150–600 வகை லென்ஸ்கள் இரண்டு கிலோவை ஒட்டியவை, விலையும் பன்மடங்கு. கண்ணாடியில்லாப் புதுக் காமிராக்களுக்குப் பலர் மாறிவருவதால், மேற்கூறிய சிறு லென்ஸ்கள் இரண்டாங்கையாக மலிந்து கிடக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நிக்கானின் ஏ.எஃப்.-பி. வகை பழைய காமிராக்கள் சிலவற்றில் இயங்காது. நிக்கானின் சிறு காமிராக்களிலோ மோட்டார் இன்மையால், மோட்டாரற்ற பழைய லென்ஸ்கள் தாமாகக் குவியம் கொள்ளா. வாங்குமுன் தம் காமிராவில் பூட்டிப் பார்த்தே வாங்குக.

நாம் இதனைக் கற்றது பிழைசெய்தே. முதன்முதல் நாம் வாங்கியது 500 மில்லிமீட்டர் ஆடிலென்ஸ் ஒன்று. உள்ளே கண்ணாடியாடிகளால் ஒளியை மடக்கி நீட்சியைச் சிறு குழலில் அடக்கியிருப்பர்; விலை மலிவு, எடையும் குறைவு. 500 என்ற எண்ணே நம்மை மயக்கியது. அதன் நடுவில் ஆடி மறைத்து நிற்பதால், குவியத்துக்குப் புறம்பான ஒளித்துளி ஒவ்வொன்றும் வளையமாகப் பதியும். கடல்நீரோ ஒளித்துளிகளின் களஞ்சியம். நாம் எடுத்த படம் முழுவதும் உளுந்துவடை மிதந்ததேயன்றி ஓங்கில் காணோம். இரு மடங்கு நீட்டும் இடைக்குழலை விரும்புவோரும் அறிக: அது ஒளியை நான்கிலொன்றாக்கும், எஃப் 5.6 லென்ஸில் அதனைப் பூட்டின் பல காமிராக்கள் குவியம் தேடித் தேடி அலையும்.

பணம் இன்னும் சுருங்கியதாயின், கையாற் குவியம் செய்யும் பழைய 300 மில்லிமீட்டர் லென்ஸையும், அதனைப் பூட்டும் இடைவளையத்தையும் வாங்கலாம். இதனைக் குறைபாடென்று எண்ணற்க. 200 மீட்டருக்குக் குவியம் வைத்து எஃப் 8இல் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 150 முதல் 300 மீட்டர் வரை எழும் ஓங்கில் யாவும் தெளிவாக விழும். தானியங்கிக் குவியம் அலையின் மினுக்கத்தைக் கண்டு மயங்கி நிற்கும் அதே விநாடியில், அசையாத பழைய லென்ஸ் ஆயத்தமாக இருக்கும்.

லென்ஸின் நீட்சி எல்லையற்றுப் பயன்தருமோ எனின், தராது. வெயில் ஏறியபின் மணலும் நீரும் காய்ந்து மேலெழும் கானல், தொலைப் பொருளை நெளியச் செய்யும். 600 மில்லிமீட்டர் அந்நெளிவையே பெரிதாக்கித் தரும். ஆகையால் காலை வேளையே சிறந்தது. ஆனால் சோழமண்டலக் கரையிற் காலைச் சூரியன் கடலினின்றே எழுவதால், ஓங்கில் கருநிழலாகத்தான் படும். இவ்விடத்தில் தனுஷ்கோடியின் அருமை விளங்கும். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரைக் கடந்து அரிச்சல்முனை நோக்கிச் செல்லும் நிலநாவுக்கு வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள. காலைச் சூரியனைப் பக்கவாட்டில் வைத்து இருபுறத்துக் கடலையும் நோக்கலாம். கன்னியாகுமரிக்கு மேற்கே முட்டம், குளச்சல்ப் பக்கத்துக் கரை தென்மேற்கு நோக்கியதாதலின், அங்கே காலை ஒளி நம் முதுகுக்குப் பின்னின்று வரும். கூடுமாயின் சற்று உயர்ந்த பாறையில் ஏறி நிற்க. மணலில் நிற்பவனுக்கு முன்னலை மறைக்கும் முதுகு, மேலே நிற்பவனுக்குத் தப்பாது புலப்படும்.

இத்துணை முயற்சி அழகிய படம் ஒன்றுக்கு மாத்திரமோ என்று வினவலாம். ஓங்கிலின் முதுகுத் துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுகளும் தழும்புகளும் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை. அர்ஜென்டீனாக் கரையோரத்தில் வூர்சிக் தம்பதியர் அத்துடுப்புகளைப் படம் பிடித்து, தனித்தனி ஓங்கிலை அடையாளங் கண்டு, 1977இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, 250 மில்லிமீட்டர் லென்ஸில் 200 மீட்டருக்கு ஏழு பிக்சலளவே தேறும்; ஆயினும் கண்டறியலாம். தேதியும் இடமும் குறித்த அத்தகைய படம், மாணவன் எடுத்ததாயினும், ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும். படகமர்த்தி ஓங்கிலைத் துரத்திச் சென்று எடுத்தலோ வேறு காரியம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கில் இன்று உள்ளது. கரையில் நிற்பவனால் அதற்கு இடையூறில்லை; படகுக் கூலியும் மிச்சம்.

இரண்டாங்கை லென்ஸ் வாங்குவோர், கைவிளக்கை ஒரு முனையில் ஏற்றி மறுமுனை வழியே நோக்குக. சிலந்தி வலைபோல் இழையோடியிருப்பின் அது பூஞ்சணம். எத்துணை மலிவாயினும் வேண்டா. கரையினின்று மீண்டபின் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிவைக்க.

பழகுதற்குக் கடல்வரை செல்ல வேண்டுவதில்லை. மலைக்கோட்டை அடிவாரத்துக் கமலாலயக் குளத்திலோ, ஜேடர்பாளையத்துக் காவிரியிலோ நீர்க்காகம் தென்படும் நாளில் கரையில் அமர்க. அது மூழ்கும் இடம் ஒன்று, எழும் இடம் வேறு. தலை நீட்டுவதும் ஓங்கிலைப்போல் சில கணமே. இரு கண்ணையும் திறந்துவைத்து, ஒரு கண்ணால் நீர்ப்பரப்பையும் மறு கண்ணால் காமிராவையும் நோக்கப் பழகவேண்டும். நம் மாணவர் முதல் நாளில் எடுத்த 140 படங்களுள் நீர்க்காகம் இருந்தவை மூன்று. மறு வாரத்தில் பதினொன்று.