எட்டுக் கார்களும் ஒரு மலைவீதியும்

பாடசாலைப் பழைய மாணவிகள், ஒரே அலுவலகத் தோழியர், அயல்வீட்டுப் பெண்கள் என்று கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றுசேர்ந்து நுவரெலியாவுக்குப் போய்வருவதை இப்போது அங்குமிங்கும் காண்கிறோம். முன்னரெல்லாம் மலைப்பயணம் என்றால் அப்பாவோ கணவரோ ஒரு வான் பிடித்துத் தருவார். நாம் பின் ஆசனத்தில் சோற்றுப் பார்சல்களுக்குக் காவலிருப்போம். இன்று ஸ்டியரிங் எமது கையில் இருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய விடயம்தான். ஆனால் இத்தகைய பயணங்களுக்காகக் கூடிப் பேசும்போது எங்கே தங்குவது, என்ன சமைப்பது, எந்த நிறத்தில் உடை அணிவது என்பவற்றுக்கே மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. எந்தக் கார் முன்னால் போவது, மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குவது என்பவை தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன.

இவ்விரண்டையும்தான் முதலில் பேசவேண்டும். ஏனென்று அறிய, அண்மைக்காலத்தில் எம்மை உலுக்கிய மூன்று விபத்துகளை நினைத்துப் பார்த்தாலே போதும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் எதிரே வந்த வான் மீதும் முச்சக்கரவண்டி மீதும் மோதியதில் ஏழு பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டிஎல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 உயிர்கள் போயின. மூன்றுமே பஸ்கள், எம்முடையவை சிறிய கார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மூன்றும் இறக்கத்தில் நடந்தவை. மூன்றும் இருளில் நடந்தவை. இவ்விரண்டும் சிறிய காருக்கும் பொருந்தும்.

ரதல்லயில் உயிரிழந்தவர்கள் எதிரே வந்த சிறிய வாகனங்களில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நாம் காட்சி பார்க்கப் போகும் வீதி, அங்குள்ள தோட்ட மக்களுக்கு அன்றாட வழி. லயத்து வாசலிலிருந்து இரண்டு அடி வைத்தால் தார்வீதி. காலையில் பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பதும், பெண்கள் கொழுந்துக் கூடையுடன் மலைக்கு ஏறுவதும் அதன் ஓரமாகத்தான். பல இடங்களில் நடைபாதை என்று ஒன்றே கிடையாது. வளைவில் ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பினால், மதகோரத்தில் ஒதுங்கி நிற்பவள் எங்கே போவாள்? கொழுந்து பறிப்பவர்களைக் கேளாமலே படம் பிடிக்கும் பழக்கத்தையும் இவ்விடத்தில் கைவிடச் சொல்வேன்.

இனி வழிக்கு வருவோம். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு முக்கியமான பாதைகள் இரண்டு. ஒன்று கண்டிப் பக்கமாகப் பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக ஏறுவது. மற்றது அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாகச் செல்வது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஏறத்தாழ 77 கிலோமீற்றர்தான். அதற்குள் 1,300 மீற்றருக்கும் மேல் ஏறிவிடுகிறோம். அதில் இறம்பொடைக்கு மேலுள்ள பகுதிதான் கடுமையானது. ஆகவே அப்பக்கமாக ஏறி, ஹட்டன் பக்கமாக இறங்குவதையே நான் விரும்புவேன். ஹட்டன் வீதியிலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் இறக்கம் நீண்ட தூரத்துக்குப் பகிர்ந்து கிடப்பதால் பிரேக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. தலவாக்கலைக்கு அருகே டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளையும் நின்று பார்க்கலாம். கைத்தொலைபேசி வரைபடம் குறுக்குவழி காட்டினாலும் நம்பிவிடாமல் பிரதான வீதியிலேயே செல்லுங்கள்.

மலையில் ஓட்டியிராதவர்களுக்கு மாவனல்லைக்கு அப்பால் வரும் கடுகண்ணாவை ஏற்றமே நல்ல பரீட்சை. பயணத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் அவ்வளவு தூரம் போய்வந்தால், யாருக்கு ஏற்றத்தில் காரை நிறுத்தி மீண்டும் எடுக்க வருகிறது, யாருக்குப் பதற்றம் வருகிறது என்பது தெரிந்துவிடும். பதற்றப்படுபவரைக் கேலி செய்யாதீர்கள். மலை வேண்டாம் என்று அவராகச் சொன்னால் இன்னொரு காரில் இடம் கொடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை பெப்ரவரி, மார்ச் மாதங்கள் உகந்தவை. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டத்தில் வாகனங்கள் நகர மறுக்கும். மே முதல் மேற்குச் சரிவில் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் மலைநாட்டு வீதிகளை என்ன பாடுபடுத்தியது என்பதை அறிவோம். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் அதனை வெளியிடுகிறது. வீதி நிலையை 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தில் விசாரிக்கலாம். எச்சரிக்கை மஞ்சளாக இருந்தாலும் பயணத்தை ஒத்திவையுங்கள். விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

கார்களின் வரிசையைத் தீர்மானிப்பதில்தான் மனத்தாங்கல் வரும். பலம் வாய்ந்த புதிய கார் முன்னால் போவதென்பது எழுதாத சட்டம்போல் இருக்கிறது. அது வேண்டாம். வீதியை நன்கறிந்தவர் முதலில். அவருக்கு அடுத்ததாக ஆகப் புதிய சாரதி அல்லது ஆகச் சிறிய கார். அப்போதுதான் முழுக் குழுவின் வேகமும் அவருக்கு ஏற்றதாக அமையும். கடைசியில் அனுபவசாலி ஒருவர். இழுவைக் கயிறும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். எட்டுக் கார்கள் என்றால் நான்கு நான்காகப் பிரித்து, கால் மணிநேர இடைவெளியில் புறப்படுங்கள். எட்டும் ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அது ஒரு மதில். பொறுமையிழந்த சாரதி ஒரே மூச்சில் எட்டையும் முந்தப் பார்ப்பார், அதுவும் வளைவில். இரண்டு கார்களுக்கிடையே ஒரு பஸ் நுழையக்கூடிய இடம் எப்போதும் இருக்கவேண்டும். சந்திகளில் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நின்று பாருங்கள். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலைவரிசை கிடைக்காமற் போவதுண்டு. எனவே கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று சந்திக்கும் இடங்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு காரிலும் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி பார்ப்பது பக்கத்து ஆசனக்காரரின் வேலை.

ஓட்டப் போட்டி மனப்பான்மைக்கு இவ்வீதிகளில் இடமில்லை. நுவரெலியாவில் 1934 முதல் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி நடந்து வந்திருக்கிறது. அது மூடிய வீதியில், தனித்தனியாக ஓடுவது. ஒழுங்கு செய்யப்பட்ட போட்டியிலும் ஆபத்து நேர்கிறது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் கார் தடம் விலகிப் பார்வையாளர் மத்தியில் புகுந்து ஏழு பேர் இறந்தனர்.

இறக்கத்துக்குரிய சூத்திரம் மிக எளிது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதுவே. பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் அச்சூட்டில் கொதித்துக் குமிழி பிடிக்கும். மிதித்தால் மிதி மெத்தையில் அழுந்துவதுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. கியர் தானாக மாறும் கார்களில் ‘எல்’ என்றோ ‘2’ என்றோ ஓர் இடம் இருக்கும். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் அது ‘பீ’. அந்த எழுத்து எதற்கென்று தெரியாமலே பல வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பற்றரி நிரம்பிவிட்டால் கார் தானாக வேகம் குறைவது தளர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது இந்த ‘பீ’. பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாட்டு. கருகிய மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணிநேரம் ஆறவிடுங்கள். சில்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகவே கராஜில் பிரேக் கட்டை, பிரேக் எண்ணெய், ரயர் மூன்றையும் பார்த்துவிடுவது எட்டுக் கார்களுக்கும் நிபந்தனையாக இருக்கட்டும்.

ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவது மலைநாட்டு மரியாதை. மூடுபனியில் முன்விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்தினால் பனி வெள்ளைத் திரையாகி எதுவும் தெரியாது.

பெண்களாகிய எமக்கு இன்னொரு கவலையும் உண்டு. மலசலகூடம். அது கிடைக்காதென்று தண்ணீரே குடிக்காமல் ஆறு மணிநேரம் ஓட்டும் தோழியரை நான் அறிவேன். தலைவலியும் களைப்பும் வளைவில் கவனத்தைக் குலைக்கும். பெற்றோல் நிலையங்கள், தேயிலைத் தொழிற்சாலைகளின் தேநீர்ச் சாலைகள் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து, ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்க்குப் பால் கொடுக்கவும் அந்நேரம் உதவும். பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். பாணும் வாழைப்பழமும் போதும், இஞ்சி டொபியும் கூட.

திரும்பும் நாளில் நுவரெலியாவைக் காலை எட்டு மணிக்கே விட்டுவிடுங்கள். பிற்பகல் மழை தொடங்குமுன் கினிகத்தேனை இறக்கம் முடிந்துவிடும். கித்துல்கலயில் ஆற்றோரமாக மதிய உணவு. அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119 என்ற இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். எட்டு வீடுகளிலிருந்தும் வந்து சேர்ந்த செய்தி கிடைக்கும்வரை குழுத்தலைவி தன் கைத்தொலைபேசியை அணைக்கக் கூடாது.