மென்பொருளாக்கமும் கைந்நூலாசிரியரும்

கணினிக்குரிய மென்பொருளை ஆக்குவோர் ஒருசாரார். அதனைக் கையாளும் முறையை விளக்கி எழுதுவோர் மற்றொருசாரார். பின்னவரைத் தொழினுட்ப எழுத்தாளர் என்பர். நங் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் முதற்றொழிலைச் செய்துவருகின்றனர். இரண்டாவதைப் பற்றி அவருட் சிலரிடம் யாம் உசாவியபோது, "வேலை முடிந்தபின் எழுதுவிப்போம்" என்ற விடையே பெரும்பாலும் கிடைத்தது. அங்ஙனம் இறுதியில் அழைத்தல் ஏன் பொருந்தாது என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். சொல்லும் பொருளும் பொருந்தி நிற்கின்றனவா என்று பார்ப்பதே எம் தொழில்.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிசு ரிச்சியும் யுனிக்சு என்னும் இயக்க முறைமையை உருவாக்கினர். அதன் முதற் கைந்நூல் 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. முறைமையோ அப்பொழுது வளரும் பருவத்தில் இருந்தது. அவர்தம் துறைத்தலைவராயிருந்த டக்ளசு மக்கில்ரோய் கைந்நூலின் தரத்திற் கண்ணுங் கருத்துமாயிருந்தவர். புதிய பதிப்பு வெளிவருங் காலந்தோறும் அங்கே ஒரு பரபரப்பு எழுமென அவர் பின்னாளிற் கூறியுள்ளார். ஒரு கட்டளையின் இயல்பை எழுதப் புகுந்தால் அதன் கோணல் வெளிப்படும். இதனை அச்சிற் காட்டுதல் தகாது எனக் கருதி, விளக்கத்தைச் சோடியாது செய்நிரலையே திருத்துவர். கைந்நூற் பக்கங்களில் 'வழுக்கள்' என்றொரு பகுதியும் இருந்தது. பிழைதிருத்தப் பத்திரம் இணைக்கவே நாணும் எம்மனோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்து இவ்வாறு குறைகாட்டுவதன் காரணம் வெளிப்படை. ஆக்கியவர் மென்பொருளை உள்ளிருந்து பார்க்கிறார். எழுதுபவரோ வாயிலில் நிற்பவருடைய கண்கொண்டு பார்க்கவேண்டியவராகிறார். ஒரே பொருள் ஒரு திரையிற் 'பயனர்' என்றும், மற்றொன்றில் 'உறுப்பினர்' என்றும் நின்றால் ஆக்கியவர்க்கு அது தோன்றுவதில்லை. ஒரு சிறு செயலை விளக்க ஒன்பது படிகள் வேண்டியிருப்பின், குறை வாக்கியத்தில் இல்லை, செயலில் உள்ளது. தொடக்கத்திற் கண்டால் ஒரு சொல்லை மாற்றினாற் போதும். விற்பனைக்கு வந்தபின், திரைகள், உதவிக் குறிப்புகள், மொழிபெயர்ப்புகள், மக்களின் பழக்கம் ஆகிய யாவும் மாறல் வேண்டும்.

அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக்கை ஆக்கிய டொனால்ட் கனூத், அதன் கைந்நூலையும் தாமே எழுதினார். அவ்வாறு எல்லா வேலைகளிலும் தாமே ஈடுபட்டிராவிடின் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் தமக்குத் தோன்றியே இரா என்று 1989இல் எழுதினார். எல்லோருங் கனூத் அல்லராதலின், எழுத வல்லாரை அருகில் இருத்துதலே ஏனையோர்க்கு வழி.

இஃது உயிரோடு தொடர்புற்ற இடமும் உண்டு. கனடாவிற் செய்யப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்மருத்துவ இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை நோயாளர் அறுவர் மட்டுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவருள் மூவரேனும் அதனால் இறந்தனர். மூலகாரணம் மென்பொருள் வழுவும், முந்திய மாதிரிகளில் இருந்த பொறிமுறைக் காப்புகள் நீக்கப்பட்டமையுமே. ஆயினும் எழுத்தின் குறையும் உடனிருந்தது. 1986 மார்ச் மாதம் ரெக்சாசு மாநிலத்து டைலர் நகரில், இயந்திரம் இடையே நின்று 'வழு 54' என்று மாத்திரம் திரையிற் காட்டியது. இயக்குநரின் கைந்நூலில் அவ்வெண்ணுக்கு விளக்கம் இல்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போனமையால், அவர் தொடர்வதற்குரிய விசையை அழுத்தினார். நோயாளி மீண்டுந் தாக்குண்டார். ஐந்து மாதங்களின்பின் இறந்தார். கதிரளவு மிகுந்தோ குறைந்தோ சென்றது என்பதே அவ்வெண்ணின் பொருள். இயந்திரம் ஆகும்போதே ஓர் எழுத்தாளர் அருகிருந்து, "54 என்றால் யாது? அதைக் கண்டவர் என் செய்வது?" என்று கேட்டிருப்பின், அத்தகைய செய்திக்குப்பின் தொடர வழிவிடலாமா என்ற வினாவும் எழுந்திருக்கக்கூடும்.

தொடக்கத்திலேயே எழுதினாற் பல பக்கங்கள் கிழிபடுமே என்பர். கிழிபடும், உண்மையே. ஆதலின் முழுநூல் அப்பொழுது வேண்டா. பெயர்ப்பட்டியல் ஒன்று, பிழைச்செய்திகளின் வாசகம், முதன்முறை கையாள்வோர்க்கான ஒரு பக்கம், இவ்வளவும் போதும். அப் பக்கத்தை முன்பின் அறியாத ஒருவரிடங் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்க்கலாம். எம் கீழ்வகுப்பு மாணவர் இதற்கு மிகப் பொருத்தமானவர். விளங்காததை விளங்கியதுபோற் காட்ட அவர் இன்னும் பழகவில்லை.