பரிசும் கவனமும்

நெய்வேலிப் பகுதியில் நிலத்தடி நீர் முன்னாளில் தானே பொங்கி எழும் இயல்புடையதாயிருந்தது. 1935ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் என்பார்தம் நிலத்துக் கிணறுகளில் நீரோடு கரிய பொருளும் கலந்து வந்தது. நீரை நாடித் தோண்டியவர் நீரொன்றையே கண்டு மகிழ்ந்திருக்கலாம். அவரோ அக்கரிய பொருளையும் நோக்கி, அரசினர்க்கும் அறிவித்தார். அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது; 1957இல் சுரங்கப்பணி தொடங்கிற்று.

மாணவர்களே, கண்முன் கிடப்பன பலவற்றுள் சிலவற்றை மட்டும் நம் உள்ளம் பற்றிக்கொள்வது எதனால்? பயன் தரும் என முன்னர்க் கற்றதை மூளை முற்படுத்துகின்றது என்பர் அறிவியலார். 1954இல் மான்ட்ரியால் நகரில் ஓல்ட்சு, மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையில் ஓரிடத்தே மெல்லிய மின்தூண்டல் கிடைக்குமாறு ஒரு நெம்புகோலை அமைத்தனர். எலிகள் அதனை ஓயாது அழுத்தின!

பின்னர், 1990களில், உல்ஃப்ராம் ஷுல்ட்சு என்பார் குரங்குகளுக்குப் பழச்சாறு ஊட்டி ஆராய்ந்தார். டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராது சாறு கிடைத்தபோது கிளர்ந்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் தோன்றுவதைக் குரங்கு கற்றுக்கொண்டதும், அவை சாற்றுக்கன்றி அவ்வடையாளத்துக்கே கிளர்ந்தன. அடையாளம் தோன்றியும் சாறு வாராதாயின், அக்கிளர்ச்சி தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டையே அவை உணர்த்துகின்றன என்க.

சுரங்கத்தில் பணிமுறை முடித்துத் தந்தையார் தின்பண்டத்தோடு இல்லம் திரும்புகின்றார். தெருவில் எத்தனை வண்டிகள் சென்றாலும் அவர் வண்டியின் ஓசையைக் குழந்தை பிரித்தறிந்து ஓடிவருகின்றதன்றோ? பண்டம் கைக்கு வருமுன்பே ஓசையே இன்பமாகிவிட்டது. தந்தையார் பண்டம் வாங்குவதை நிறுத்திய பின்னரும் அதன் செவி அவ்வோசைக்குத் திரும்பும். 2011இல் ஆண்டர்சன் முதலியோர் செய்த சோதனை இதனை ஒத்தது. முன்பு காசு பெற்றுத் தந்த நிறம், காசு நின்ற பின்னரும் கண்ணை ஈர்த்தது. பாடம் படிக்கையில் கைப்பேசி சிறிது ஒலிப்பினும் நம் கவனம் அங்கே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயின், பரிசு கொடுத்தால் எவரும் கற்பர் என்று பெற்றோர் சிலர் எண்ணுவது எனக்கு உடன்பாடன்று. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிசுபெட் ஆகியோர், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய மழலையரைத் தேர்ந்தனர். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு சாரார்க்கு முன்னரே உரைத்தனர். வேறு சிலர்க்குச் சொல்லாமலே வழங்கினர். ஏனையோர்க்கு ஒன்றும் ஈந்திலர். சில நாள் கழிந்தபின் நோக்கியபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்தோர், ஏனையோர் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். சொல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் விருப்பமோ சிறிதும் குன்றவில்லை.