வாழைக்கு ஆகாத குளிர் ஆந்தூரியத்துக்கும் ஆகாது!

வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துவிடும் என்பது தாமிரபரணிப் பாசன விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழை தாங்காது. கொய்மலர்களிலும் இதே ‘குளிர் பாதிப்பு’ உண்டு.

திருநெல்வேலிப் பகுதியில் மாலைக்கும் சரத்துக்கும் மல்லிகை, பிச்சி உள்ளூரிலேயே விளைகின்றன. கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஓசூர் ரோஜா, ஜெர்பராவோடு, கன்னியாகுமரி மாவட்ட மலைப்பகுதியில் நிழல்வலையில் வளரும் ஆந்தூரியமும் தேவைப்படுகிறது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தால், எல்லாப் பூவையும் ஒரே குளிர் அறையில் அடுக்குவதில்தான் நஷ்டம் தொடங்குகிறது.

ஏன் கறுக்கிறது?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்போம். வெப்பமண்டலப் பூக்களின் செல் சவ்வில் உள்ள கொழுப்பும் கடுங்குளிரில் அப்படித்தான் இறுகுகிறது. சவ்வு பழுதாகி, செல்லுக்குள் இருக்கும் சாறு கசிகிறது. இதழ் நீலம் பாய்ந்து, பழுப்பாகி, கடைசியில் கறுக்கிறது. குளிர் அறையில் இருக்கும்வரை பூ நன்றாகவே தெரியும். வெளியே எடுத்த பிறகுதான் பாதிப்பு முழுதாக வெளிப்படும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

எந்தப் பூவுக்கு எவ்வளவு குளிர்?

• ரோஜா, கார்னேஷன்: 2 முதல் 4 டிகிரி.
• ஆந்தூரியம், ஹெலிகோனியா: 13 முதல் 15 டிகிரி. ஹெலிகோனியாவின் இலையைப் பார்த்தாலே அது வாழைக்கு உறவு என்பது புரியும்.

கவனிக்க வேண்டியவை

• காலை வெயில் ஏறும் முன் பறித்து, காம்பை உடனே சுத்தமான தண்ணீரில் வையுங்கள். வாடிய பூ குளிரையும் தாங்காது.
• இரண்டு வகைப் பூக்களையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். தனி அறை இல்லையென்றால், ஆந்தூரியத்தைக் காற்றோட்டமுள்ள நிழலான அறையில், காம்பு தண்ணீரில் நிற்கும்படி வைப்பதே மேல்.
• பெட்டிக்குள் ஐஸ் வைத்தால் அது பூவில் நேரடியாகப் படக்கூடாது. மல்லிகை மொட்டுக்கும் இது பொருந்தும்.
• பழுக்கும் வாழை, மாம்பழத்தோடு பூவை வைக்க வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.
• குளிர் அறையிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்காமல், நிழலில் சிறிது நேரம் வைத்துத் திறந்தால் பூவில் நீர் கோக்காது.

பாதிப்பு, குளிரின் அளவோடு பூ அதில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. அதனால் வாடகைக் குளிர் அறையில் பூவை இறக்கும் முன், அங்குள்ள வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 13 டிகிரிக்குக் கீழே காட்டினால், ஆந்தூரியப் பெட்டியை உள்ளே விடாதீர்கள்.